ஆளுக்கு ஒரு கிலோ விதை

விதை உற்பத்தி வகுப்பின் முதல் நாளில் நான் கரும்பலகைப் பக்கமே போவதில்லை. மேசைக்கு மேசை ஐந்து கிராம் நெல்லை எடைபோட்டு வைத்து எண்ணச் சொல்வேன். இருநூறுக்குச் சற்று மேலே வரும். ரகத்தைப் பொறுத்து ஏறும், இறங்கும். எண்ணி முடித்த பிறகுதான் வோ தோங் சுவானின் கதையைத் தொடங்குவேன்.

வியட்நாமின் மேகாங் டெல்டாவில், ஆன் ஜியாங் மாகாணத்தில் 1940இல் பிறந்தவர். பிலிப்பைன்ஸின் லாஸ் பானோஸில் படித்து, அங்குள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்து, 1971இல் கான் தோ பல்கலைக்கழகத்துக்கு ஆசிரியராக வந்தார். ஜப்பானில் டாக்டர் பட்டம் முடித்துக்கொண்டு 1975இல், சைகோன் வீழ்வதற்குச் சில வாரங்கள் முன்பு, மறுபடி ஊர் வந்து சேர்ந்தார். எத்தனையோ பேர் நாட்டைவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்த நேரம் அது.

போர் ஓய்ந்த கையோடு டெல்டாவில் புகையான் இறங்கியது. தண்ணீர் மட்டத்துக்கு மேலே, தூரடியில் பழுப்பாக அப்பிக்கொண்டு சாறு உறிஞ்சும் பூச்சி. வரப்பில் நின்று பார்த்தால் பயிர் பச்சையாகத்தான் தெரியும். சில நாளில் வட்ட வட்டமாகத் தீ வைத்ததுபோலக் கருகிக் கிடக்கும். குனிந்து தூரை விலக்கிப் பார்க்காதவனுக்குப் புகையான் பிடிபடாது.

சுவான் லாஸ் பானோஸுக்கு எழுதி, புகையானைத் தாங்கும் ரகங்களைக் கேட்டார். வந்தவை சில கிராம் பொட்டலங்கள். அவற்றில் தேறியது ஐ.ஆர். 36. (அதன் மூதாதையரில் நம் திருவள்ளூரை அடுத்த திரூர் நிலையத்தின் டி.கே.எம். 6-ம் உண்டு. இதைச் சொல்லும்போது என் குரல் தானாக உயர்ந்துவிடும்.) உள்ளங்கைக்குள் அடங்கும் விதையை ஒரு டெல்டாவுக்குக் காணும்படி பெருக்க அவர் பிடித்த வழி, குத்துக்கு ஒரே நாற்று. நாலைந்தைச் சேர்த்து நட்டால் ஒன்றை ஒன்று நெருக்கும். தனியே நின்ற இளநாற்று தூர் கட்டிக்கொண்டே போகும்.

விதை சேர்ந்ததும் பல்கலைக்கழகத்தையே இரண்டு மாதம் மூட வைத்தார். மாணவர்களுக்கு மூன்றே பாடம்: நாற்று விடுவது, வயலைத் தயார் செய்வது, ஒற்றை நாற்று நடுவது. பிறகு ஆளுக்கு ஒரு கிலோ விதையைக் கையில் கொடுத்து டெல்டாவெங்கும் அனுப்பினார். ஒரு கிலோவில் நாற்பதாயிரம் மணிக்கு மேல் இருக்கும். ஒன்றிரண்டு போகத்தில் ஐ.ஆர். 36 வயல்வெளியை எடுத்துக்கொண்டது, பயிர் மீண்டது.

பின்னாளில் நாடாளுமன்ற உறுப்பினர், 1993இல் மகசேசே விருது, ஆன் ஜியாங் பல்கலைக்கழகத்தின் முதல் தலைவர் என்று பலவும் அவரைத் தேடி வந்தன. ஐ.ஆர். 36-ஐ உருவாக்கிய குர்தேவ் சிங் குஷ்ஷும் அவரும் 2023இல் வின்ஃபியூச்சர் பரிசைச் சேர்ந்து பெற்றார்கள். ரகத்தைப் படைத்தவரையும் அதை வயல்வரை கொண்டுபோனவரையும் ஒரே மேடையில் நிறுத்தியது எனக்கு மிகவும் நியாயமாகப் பட்டது. மறு ஆண்டு சுவான் காலமானார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒற்றை நாற்று நடவைப் படம் போட்டு விளக்கியவன் நான். நடவுக்கு வந்த ஓர் அக்கா, "ஒத்த நாத்த நட்டா கொக்கு மிதிச்சே போயிரும் சார். உங்களுக்கென்ன, சம்பளம் வந்துரும்" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை. அன்று அவரோடு சேற்றில் இறங்கி இரண்டு வரிசை நட்டேன். நாற்று சாய்ந்தது, விரலை எவ்வளவு ஆழத்துக்கு மேல் விடக்கூடாது என்பதை அவர்தான் என் கையைப் பிடித்துக் காட்டினார். நாற்பதாம் நாள் அவரே வந்து ஒரு குத்தைக் கையால் அளைந்து எண்ணினார். "முப்பத்திரண்டு" என்றார். மறுபடி எண்ணினார்.

இப்போது வகுப்பு முடியும் நாளில் ஆளுக்கு ஒரு கிலோ விதை கட்டிக் கொடுக்கிறேன். பூக்கும் சமயத்தில் ஒரு குத்தை வேரோடு கொண்டுவர வேண்டும், அதுதான் தேர்வு. சென்ற போகத்தில் ஒரு பையன் ஈரச்சாக்கில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்திருந்தான். வேரில் அவன் ஊர்க் களிமண் இன்னும் ஒட்டியிருந்தது. வராந்தாவில் உட்கார்ந்து இருவரும் தூர்களை எண்ணினோம்.