எண்ணெய்க் கறை

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனால் ஜாகுவார் இ-டைப் காரின் இன்ஜினில் எது வார்ப்பிரும்பு, எது அலுமினியம், எந்த இடத்தில் எனாமல் பூச்சு என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன். 24இல் ஒரு பங்கு அளவில், பிளாஸ்டிக் துண்டுகளாகப் பெட்டியில் வரும் அந்தக் காரை ஒட்டி வண்ணம் தீட்டுவது என் ஞாயிற்றுக்கிழமை வேலை. முழுக் காரும் பதினெட்டரை சென்டிமீட்டர்தான். இன்ஜின் கட்டைவிரல் அளவு. வண்ணம் வாங்கப் போனால் "பையனுக்கா மேடம்?" என்று கேட்பார்கள். "எனக்குத்தான்" என்றதும் பில் போடும் கை ஒரு கணம் நின்றுவிட்டு மறுபடி நகரும்.

வெளியுடலுக்கு ஸ்ப்ரே அடித்து மெருகேற்றுவது பலருக்கும் பிடித்த பகுதி. எனக்குப் பிடித்தது மூடிக்குள் இருப்பது. பெட்டியிலிருந்து எடுக்கும்போது இன்ஜின் முழுவதும் ஒரே நிறப் பிளாஸ்டிக். அதை உலோகம் என்று பார்ப்பவரின் கண் நம்ப வேண்டும்.

நம் வீடுகளில் 'சில்வர் டம்ளர்' என்றால் அது வெள்ளி இல்லை, எவர்சில்வர். வண்ணக் கடையிலும் 'சில்வர்' என்று ஒரு குப்பி உண்டு. அதை மட்டும் வாங்கி இன்ஜின் முழுக்கப் பூசினால் பொம்மைதான் கிடைக்கும். உலோக வண்ணத்தில் மின்னுவது நுண்ணிய துகள்கள். துகள் பெரிதாக இருந்தால் ஜிகினா தூவியதுபோல் தெரியும். நிஜக் காரின் அளவுக்கு 24 மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால் அது எவ்வளவு பொருந்தாதது என்பது புரியும். இன்னொரு காரணம், இன்ஜின் ஒரே உலோகத்தால் ஆனது அல்ல. பழந்தமிழில் 'பொன்' என்பது தங்கத்துக்கு மட்டுமல்ல, உலோகத்துக்கே பெயர். இரும்பு கரும்பொன், வெள்ளி வெண்பொன். ஒவ்வொன்றையும் அதன் நிறத்தோடு சேர்த்துச் சொன்ன மொழி நம்முடையது. இன்ஜினைத் தீட்டுபவருக்கும் அந்தப் பார்வை வேண்டும்.

1961இல் வெளிவந்த இ-டைப்பின் இன்ஜின் ஆறு சிலிண்டர், 3.8 லிட்டர். கீழே இருக்கும் பிளாக் வார்ப்பிரும்பு. மணல் அச்சில் வார்த்த சொரசொரப்பு வர, புட்டியைத் தின்னரில் கரைத்துப் பழைய பிரஷ்ஷால் ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். அதற்கு மேலே அலுமினியத்தாலான சிலிண்டர் ஹெட். 3.8 இன்ஜினில் அதற்குத் தங்க நிறம் அடித்திருந்தார்கள். அதன் உச்சியில் இரண்டு நீளமான கேம் கவர்கள், கண்ணாடிபோல் பாலிஷ் செய்த அலுமினியம். அந்தப் பளபளப்பைக் கொண்டுவர ஆல்கிளாட் என்ற லாக்கர் வண்ணத்தை ஏர்பிரஷ்ஷில் படலம் படலமாக அடிப்போம். ஆனால் அதற்கு முன் அடியில் பளபளப்பான கறுப்பு பூசியாக வேண்டும். அந்தக் கறுப்பு வழவழப்பாக இல்லாவிட்டால் மேலே வரும் வெள்ளைப் பளபளப்பும் சரியாக அமையாது.

பக்கவாட்டில் எஸ்.யூ. நிறுவனத்தின் மூன்று கார்புரேட்டர்கள். அவற்றைத் தீட்டும்போது எனக்கு பியாட்ரிஸ் ஷில்லிங்கின் நினைவு வரும். இரண்டாம் உலகப் போரில் ஸ்பிட்ஃபயர் விமானங்களின் மெர்லின் இன்ஜினிலும் எஸ்.யூ. கார்புரேட்டர்தான். மூக்கைச் சட்டென்று கீழே சாய்த்துப் பாயும்போது எரிபொருள் ஓட்டம் குழம்பி இன்ஜின் அணைந்துபோகும். பொறியாளரான ஷில்லிங் 1941இல் அதற்கு ஒரு தீர்வு கண்டார். நடுவில் துளையிட்ட சிறு பித்தளைத் துண்டு, அவ்வளவுதான். விமானதளம் விமானதளமாகப் போய் அதைப் பொருத்தினார்கள். விமானிகள் நிம்மதியடைந்தார்கள். அந்தத் துண்டுக்கு ஷில்லிங்கின் பெயரோடு சேர்த்து இரட்டை அர்த்தத்தில் ஒரு பட்டப்பெயரும் வந்து ஒட்டிக்கொண்டது. பாராட்டு அவருடைய மூளைக்கு, கேலி உடம்புக்கு. இன்ஜினுக்கு உள்ளே இருந்ததால் அந்தப் பித்தளையை வெளியிலிருந்து யாரும் பார்த்திருக்க முடியாது.

நிறங்களைப் பிரித்துத் தீட்டிவிட்டால் புது இன்ஜின் தயார். ஓடிய இன்ஜின் வேண்டுமென்றால் வேலை இனிமேல்தான். கறுப்பும் பழுப்பும் கலந்த எண்ணெய் வண்ணத்தை நீர்க்கக் கரைத்து விட்டால் இடுக்குகளில் போய்த் தங்கும். பிரஷ்ஷில் எடுத்த வண்ணத்தைத் துணியில் ஏறக்குறைய முழுவதும் துடைத்துவிட்டு மேடான விளிம்புகளில் உரசினால் தேய்மானம் தெரியும். பென்சில் கரியை விரலில் தொட்டுத் தேய்த்தால் எஃகின் மங்கலான ஒளி வரும். எஃகை மென்மேலும் சுடவைத்தால் மேற்பரப்பில் முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, ஊதா, ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸில் நீலம் என்று நிறம் மாறும். பூச்சு போடாத எஃகுப் புகைக்குழாயில், சூடு அதிகம் பட்ட இடத்தில் நீலமும் தள்ளிப் போகப் போக மஞ்சளும் வைப்போம். ஆனால் இ-டைப்பின் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் இது செல்லாது. அதற்குக் கறுப்பு எனாமல் பூச்சு. சூட்டில் அது வெடித்துச் சில்லுச் சில்லாகப் பெயரும். எந்தக் கறைக்கும் ஒரு காரணம் இருக்க வேண்டும். இணைப்பிலிருந்து கசிந்த எண்ணெய் கீழ்நோக்கித்தான் வழியும். தூசி மேற்புறத்தில்தான் படியும். காரணம் இல்லாத கறை வெறும் அழுக்கு.

இதற்கென்றே டாமியா நிறுவனம் ஒரு சிறு பெட்டி விற்கிறது. கண்ணிமைக்குப் பூசும் வண்ணப் பெட்டி மாதிரியே இருக்கும். ஒற்றி எடுக்கக் குட்டி ஸ்பாஞ்சும் உண்டு. உள்ளே மூன்று நிறங்கள்: எரிந்த நீலம், எரிந்த சிவப்பு, எண்ணெய்க் கறை.

எண்ணெய்க் கறையைக் காசு கொடுத்து வாங்கும் உலகம் ஒன்று இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள். எண்ணெய்க் கறையைப் போக்குவதிலேயே கழிந்த வாழ்க்கை அவளுடையது. மண்ணெண்ணெய் அடுப்பின் கரி பிடித்த பாத்திரங்களுக்குச் சாம்பல், பித்தளைக்குப் புளி, செம்பில் களிம்பு கண்டால் மறுபடியும் புளி. வெள்ளிக்கிழமை விளக்கு நேற்று வாங்கியதுபோல் மின்ன வேண்டும். நன்றாகச் செய்த வேலைக்கு அடையாளம், வேலை நடந்த தடமே இல்லாமல் இருப்பது. எங்கள் வீட்டுப் பாத்திரங்களில் அம்மா இல்லை. குக்கர் விளிம்பு சுட்ட தழும்பாகவும் புளி ஏறி வெடித்த விரல் நுனியாகவும் எல்லாம் அவள் கையில் இருந்தது. அதைப் பார்த்து யாரும் 'அப்படியே நிஜம்' என்று வியந்ததில்லை.

ஓர் அங்குலம்கூட ஓடாத காருக்கு நாங்கள் உழைத்த அடையாளங்களை உருவாக்கித் தருகிறோம். ஒரு நாளும் நிற்காமல் உழைத்தவர்களோ தங்கள் அடையாளத்தைத் தாங்களே தேய்த்துத் துடைத்துவிட்டுப் படுக்கப் போனார்கள். ஆண்கள் வேலை செய்த பட்டறையில் கறை அனுபவம். பெண்கள் வேலை செய்த அடுப்படியில் அது பொறுப்பின்மை. இன்றும் பெண் பார்க்க வருகிறவர்கள் சமையலறையை எட்டிப் பார்ப்பது எதைத் தேடி என்று நமக்குத் தெரியும்.

அந்தச் சமையலறையில் ஒரே ஒரு பொருளுக்கு விலக்கு உண்டு: தோசைக்கல். அதைச் சாம்பல் போட்டுத் தேய்க்க யாரையும் அம்மா விட்டதில்லை. "கல்லு பழகியிருக்குடி, கெடுத்துடாதே" என்பாள். வருஷக்கணக்காகத் தடவிய எண்ணெய், சூட்டில் இறுகிப் படலமாகி இரும்போடு ஒன்றிப்போன கறுப்பு அது. அந்தக் கல்லை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். அதன் நடு ஒளிரும் கறுப்பு. சுற்றி வரும் வளையம் காப்பிப் பொடிப் பழுப்பு. எண்ணெய் எட்டாத விளிம்பில் செம்மண் நிறத்தில் லேசான துரு. ஒரு பக்கம் மட்டும், இடுக்கி பிடித்துப் பிடித்துத் தேய்ந்து, சாம்பல் நிற இரும்பு தெரிகிறது.

வார்ப்பிரும்பு பிளாக்கைத் தீட்ட உட்காரும்போதெல்லாம் அந்தக் கல்லை மேசையில் எடுத்து வைத்துக்கொள்கிறேன். குப்பிகளின் மேல் அச்சிட்ட பெயர்களைப் பார்ப்பதில்லை. கல்லைப் பார்த்து நிறத்தைக் கலக்கிறேன்.