ஒரே ஒரு கோடு

அக்காவின் மகள் சிட்டகொங்கிலிருந்து நேற்று இரவு அழைத்தாள். அங்கே ஆசியப் பெண்கள் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். அறைத்தோழி ஆப்கானிஸ்தானில் ஹெராத் நகரத்துப் பிள்ளை. “சின்னம்மா, அவள் இதை முடிச்சிட்டு வேற எங்கயாவது போய்ப் பொதுக் கொள்கை படிக்கப் போறாளாம். ஊருக்குத் திரும்பினா பள்ளிக்கூடச் சட்டத்தை மாத்திறதுதான் முதல் வேலையாம். எப்ப திரும்புவாய் எண்டு கேக்க எனக்கு வாய் வரல்ல” என்றாள். எனக்கும் பதில் வரவில்லை. மறுகா எடுக்கிறேன் என்று வைத்துவிட்டேன். நித்திரை வராமல் இந்தக் கொப்பியை எடுத்தேன்.

*

அந்தத் தோழியின் நாட்டுத் திகதிகளை எழுதி வைக்கிறேன். மறந்துபோகக் கூடாது.

2021 ஆகஸ்ட் 15, காபூல் தலிபான்களிடம் விழுந்தது. அடுத்த மாதம் பள்ளிகள் திறந்தபோது ஆறாம் வகுப்புக்கு மேலே பெண் பிள்ளைகளைக் கூப்பிடவில்லை. 2022 மார்ச் 23 அன்று திறப்போம் என்றார்கள். பிள்ளைகள் புத்தகப் பையோடு வந்தார்கள். வந்த அன்றே திருப்பி அனுப்பினார்கள். அதே வருடம் டிசம்பர் 20, பல்கலைக்கழகக் கதவும் மூடியது. 2024 டிசம்பரில் மருத்துவச்சி, தாதியர் படிப்பையும் நிறுத்தினார்கள். பெண்ணைப் பெண்தான் பார்க்க வேண்டும் என்று சொல்கிற நாட்டில் மருத்துவச்சிப் படிப்பும் இல்லையென்றால் பிள்ளை பெறுகிறவளை யார் பார்ப்பது?

இடைநிலைப் பள்ளிக்குப் போக முடியாமல் நிற்கும் பெண் பிள்ளைகள் 14 இலட்சம் பேர் என்று யுனெஸ்கோ 2024இல் சொன்னது.

இதே நாட்டின் 2004ஆம் ஆண்டு அரசியலமைப்பின்படி, கீழ்ச்சபையின் 249 ஆசனங்களில் 68 பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தன. எங்கள் இலங்கை நாடாளுமன்றத்தில் இன்றுவரை பெண்களுக்கென்று ஓர் ஆசனமும் ஒதுக்கப்படவில்லை. ஆப்கான் பெண்களைப் பற்றிப் பேசும்போது அவர்களுக்கு முன்பும் ஒன்றும் இருக்கவில்லை என்பதுபோலப் பேசுகிறோம். இருந்தது. எடுத்துவிட்டார்கள்.

*

வெளியே படித்துத் திரும்பிய ஓர் ஆப்கான் பெண், ஷஹர்ஸாத் அக்பர். அமெரிக்காவில் ஸ்மித் கல்லூரியில் மானிடவியலும், ஒக்ஸ்போர்டில் அபிவிருத்திக் கற்கையில் முதுமாணியும் படித்தவர். அங்கே தங்காமல் காபூலுக்குத் திரும்பினார். 2019இல் ஆப்கான் சுயாதீன மனித உரிமைகள் ஆணைக்குழுவின் தலைவரானார். இரண்டு வருடம் கழித்து நாடு விழுந்தது. 2022 மே மாதம் அந்த ஆணைக்குழுவையே தலிபான்கள் கலைத்தார்கள். அவர் வெளியே இருந்துகொண்டு ரவாதாரி என்ற அமைப்பின் மூலம் உள்ளே நடப்பதைப் பதிவுசெய்கிறார். படித்தது வீணாய்ப் போயிற்றே என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாளைக்கு அந்த நாடு கணக்குக் கேட்கும்போது, எழுதி வைத்தவள் ஒருத்தி இருப்பாள்.

அக்காவின் மகள் படிக்கிற அதே பல்கலைக்கழகத்தின் ஆப்கான் மாணவிகள் 148 பேர் 2021 ஆகஸ்டில் காபூலில் மாட்டிக்கொண்டார்கள். பஸ்களில் விமான நிலையத்துக்குப் போவதும் வழியில்லாமல் திரும்புவதுமாக நாட்களைக் கழித்து, கடைசியில் அமெரிக்காவில் விஸ்கொன்சின் மாநிலத்து இராணுவ முகாம் ஒன்றில் போய் இறங்கினார்கள். பஸ்ஸுக்குள் காத்துக் கிடந்த அந்தப் பிள்ளைகளை நினைக்கிறபோது எனக்கு எங்கள் மட்டக்களப்பில் யுத்தம் நடந்த 1990தான் ஞாபகம் வருகிறது. அதை இங்கே எழுதவில்லை.

*

பொதுக் கொள்கை. பெரிய சொல்லாகத்தான் தெரிகிறது. எனக்கு அது விளங்கியது அம்மாவின் வீட்டு உறுதியில்.

எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் வீடு பெண்ணுடையது. மூத்தவளுக்குக் கலியாணம் என்றால், தாய் தகப்பன் தாங்கள் இருக்கிற வீட்டையே சீதனமாக எழுதிக் கொடுத்துவிட்டு, அதே வளவில் சின்னதாக ஒன்று கட்டிக்கொண்டு ஒதுங்குவார்கள். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். குடி என்கிற வம்ச அடையாளமும் தாய்வழியில் வருவதுதான். நீ என்ன குடி என்று கேட்டால் தாயின் குடியைத்தான் சொல்வோம். முக்குவர் சட்டம் என்று ஒரு வழக்காற்றுச் சட்டம் இருந்தது. 1876ஆம் ஆண்டின் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தோடு அதன் காலம் முடிந்தது. பழக்கம் முடியவில்லை. அம்மம்மா அம்மாவுக்கு எழுதின சீதன உறுதி, தகரப் பெட்டிக்குள் மஞ்சள் துணியில் சுற்றி இருந்தது. பூச்சி அரிக்காமல் இருக்க அம்மா வருடத்துக்கு ஒரு தடவை அதை எடுத்து வெயில் காட்டுவா.

2004 டிசம்பர் 26 காலை கடல் வந்தது. பெட்டியும் போனது, வீடும் போனது. கிணற்றுக் கட்டைப் பார்த்துத்தான் இதுதான் எங்கள் வளவு என்று கண்டுபிடித்தோம்.

பிறகு புது வீட்டுக்குப் பதிய ஓர் அலுவலகத்துக்குப் போனோம். படிவத்தில் ‘குடும்பத் தலைவர்’ என்று ஒரு கோடு. அம்மா தன் பெயரைச் சொன்னா. எழுதிக்கொண்டிருந்த தம்பி நிமிர்ந்து, “ஐயா உயிரோட இருக்கிறாரா அம்மா?” என்று கேட்டார். அப்பா பக்கத்தில்தான் நின்றார். “அப்ப ஐயாட பேரைத்தான் எழுதணும்.” அவரில் பிழை சொல்ல மாட்டேன். அவர் கையில் கொடுத்த படிவம் அப்படி. அம்மா அங்கே ஒன்றும் பேசவில்லை. வெளியே வந்து செருப்பைத் தேடும்போதுதான் என்னிடம், “அது எங்கம்மா எனக்குத் தந்த வீடுகா” என்றா.

புது வீடு அப்பாவின் பெயரில் வந்தது. 2011இல் அப்பா போய்விட்டார். சட்டப்படி துணைக்குப் பாதி, பிள்ளைகளுக்குப் பாதி. முழு வீட்டுக்கும் சொந்தக்காரியாக இருந்த அம்மா, பாதி வீட்டுக்காரியானா. மற்றப் பாதிக்குக் கனடாவில் இருக்கிற தம்பியின் கையெழுத்தும் வேண்டும். அவன் நல்லவன், கேட்டவுடன் போட்டுத் தந்தான். போடாத தம்பிமார் உள்ள வீடுகளும் இந்த ஊரில் இருக்கின்றன.

அம்மாவின் பெயரை எழுதக் கூடாது என்று அந்தப் படிவத்துக்குப் பின்னால் ஒரு சட்டமும் இருக்கவில்லை. நிர்வாகப் பழக்கம், அவ்வளவுதான். தாய்வழியில் நூற்றாண்டுகளாக வந்த சொத்தைக் கை மாற்ற அது போதுமாக இருந்தது. எங்கள் வீட்டில் மட்டும் நடந்ததல்ல. கிழக்குக் கரை முழுக்க நடந்தது.

*

இன்னொன்று. சுனாமிக்குப் பிறகு கரையிலிருந்து இவ்வளவு தூரத்துக்குள் வீடு கட்டக் கூடாது என்று கொழும்பில் ஒரு கணக்குப் போட்டார்கள். தெற்கிலே 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். எங்கள் ஊர் பெரியகல்லாறு, கிழக்கே கடலும் மேற்கே வாவியுமாக நடுவில் கிடக்கிற ஒடுங்கின நிலம். இங்கே 200 மீற்றர் என்றால் எத்தனை வளவு போகும் என்று யாரும் வந்து நடந்து பார்த்துவிட்டுப் போட்ட கணக்கல்ல அது. பிறகு தளர்த்தினார்கள். அதற்கிடையில் சனங்கள் பட்ட அலைச்சலை ஒரு தளர்த்தலும் திருப்பித் தரவில்லை.

*

அப்போது கேட்க ஆட்கள் இல்லாமல் இல்லை. மட்டக்களப்புப் பெண்கள் அமைப்புகள் ஒன்றுசேர்ந்து, புது வீட்டு உறுதியைக் கணவன் மனைவி இருவர் பெயரிலும் எழுதுங்கள் என்று கேட்டன. அப்படியான அமைப்புகளில் ஒன்றான சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் 1991இல் கொழும்பில், இடம்பெயர்ந்த பெண்களோடு தொடங்கி, 1993இல் மட்டக்களப்புக்கு வந்தது. பேராசிரியர் சித்திரலேகா மௌனகுரு நெதர்லாந்தின் ஹேக் நகரில் முதுமாணி படித்தவர். திரும்பி வந்து கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார், இங்குள்ள பெண்களோடு நின்றார். படிவத்தில் எந்தக் கோடு பிழை என்று சொல்ல, ஹேக்கும் தெரிந்து சீதன உறுதியும் தெரிந்த ஒருத்தி வேண்டியிருக்கிறது. இரண்டில் ஒன்று மட்டும் தெரிந்தவர்களால் அது முடியவில்லை என்பது என் முடிவு.

ராஜினி திராணகமவையும் இங்கே எழுத வேண்டும். லிவர்பூலில் கலாநிதிப் பட்டம் முடித்து, 1986இல் யுத்தத்துக்கு நடுவே யாழ்ப்பாணம் திரும்பி, மருத்துவ பீடத்தில் உடற்கூற்றியல் துறையைத் தூக்கி நிறுத்தினார். யுத்தத்தில் கண்ணால் கண்டதை எழுதினார். 1989 செப்டம்பர் 21, பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். வயது 35. திரும்பி வா என்று ஒரு பிள்ளையிடம் சொல்கிறவர்கள் இந்தத் திகதியையும் தெரிந்துகொண்டுதான் சொல்ல வேண்டும்.

*

எங்கள் நாட்டில் மாறியவை சில. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் 1935இலிருந்து, அரச காணியின் வாரிசு வரிசையில் மகனை மகளுக்கு முன்னால் வைத்திருந்தது. 2022இல் திருத்தினார்கள். ஏறக்குறைய 87 வருடம். உள்ளூராட்சி சபைகளில் பெண்களுக்கு 25 சதவீதம் என்பது 2018 தேர்தலில் முதன்முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு அந்தச் சபைகளில் பெண்கள் இரண்டு சதவீதமும் இல்லை.

*

இன்று பின்னேரம் அக்காவின் மகளுக்குத் திருப்பி எடுத்தேன். தோழியும் பக்கத்தில் இருந்தாள். திரையில் கையசைத்தாள். அம்மாவும் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, “சாப்பிட்டாச்சா மகள்?” என்று தமிழிலேயே கேட்டா. அந்தப் பிள்ளைக்கு விளங்கி, தலையாட்டினாள்.

மகளிடம் நான் சொன்னது இதுதான்: “அவள் படிக்கட்டும். வழி திறக்கிற அண்டைக்குப் படிச்சவள் ஒருத்தி கையில பேனையோட நிக்கணும். ஆனா உனக்கு வழி மூடல்லகா. கொழும்புக்குப் பிளேன் இருக்கு, கொழும்பில இருந்து கல்முனை பஸ் கல்லாத்துக்குள்ளாலதான் போகுது. முடிச்சிட்டு வா. வந்து ரெண்டு வருஷமாவது இஞ்ச இரு.”

கல்லாற்றிலிருந்து வெளிநாடு போய்ப் படிக்கிற பிள்ளைகளின் தாய் தகப்பன் யாராவது இதை வாசித்தால், அவர்களிடமும் இதையே கேட்கிறேன். போன மாதம் அம்மாவுக்காக ஒரு படிவம் நிரப்பினேன். ‘குடும்பத் தலைவர்’ என்ற இடத்தில் இப்போதும் ஒரே ஒரு கோடுதான் இருக்கிறது.