பங்கு பிரித்த பிறகு

முழங்காவிலுக்கு அருகே இரணைமாதாநகர்க் கரையில் நான் போய் நின்றபோது காலை எட்டு மணி. பைபர் படகுகள் ஒவ்வொன்றாகக் கரை தட்டின. வலைக் குவியலைச் சுற்றிப் பெண்கள் அமர்ந்து நண்டு கழற்றினார்கள். ஒரு படகின் ஓட்டி, எஞ்சினைக் கழற்றித் தோளில் சுமந்து வாடிக்குக் கொண்டுவந்தார். முப்பது வருடமாகக் கடலில் தொழில் செய்பவர்.

"அண்ணை, இண்டைக்கு உங்களுக்கு என்ன வரும்?" என்றேன்.

"பங்கு பிரிச்சாப் பிறகுதான் தம்பி தெரியும்."

அவர் படகில் கணக்கு இப்படி. நண்டு விற்ற காசில் முதலில் மண்ணெண்ணெய்ச் செலவு கழியும். அடுத்து, நண்டு கழற்றிய பெண்களின் கூலி. மிச்சம் மூன்று பங்கு: படகுக்கும் வலைக்கும் ஒன்று, ஓட்டிக்கு ஒன்று, கூடப் போனவருக்கு ஒன்று. காற்றைப் பார்ப்பதும் வலை விடும் இடத்தைத் தீர்மானிப்பதும் இரண்டு உயிர்களைக் கரை சேர்ப்பதும் ஓட்டியின் பொறுப்பு. அதற்கென்று தனிச் சம்பளம் கிடையாது. பாடு இல்லாத நாளில் எண்ணெய்க் காசு கடனாக நிற்கும். நண்டு முதலாளியிடம் முற்பணம் வாங்கியிருந்தால், அவர் சொல்லும் விலைக்கே கொடுக்கவும் வேண்டும்.

2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியது. ஒரு நாளைக்கு இருபது லீற்றர் எரிந்தால் 1,740 ரூபாவாக இருந்த செலவு ஒரே இரவில் 6,800 ரூபா. பின்னர் விலை இறங்கியபோதும் பழைய 87 திரும்பவில்லை. இங்கே பிடிபடும் நீலக்கால் நண்டு வெளிநாட்டுச் சந்தை வரை போகிறது. ஆனால் அதன் விலையைச் சொல்லும் இடத்தில் ஓட்டி இல்லை.

எண்ணெயைவிட அவரை அதிகம் வருத்துவது வலைதான். நண்டு வலையைப் பின்னேரம் விட்டு, மறுநாள் விடியவே எடுப்பார்கள். இரவு முழுக்க அது கடலடியில் கிடக்கும். அந்த இரவில்தான் இந்திய இழுவைப்படகுகள் வருகின்றன. அவற்றின் மடி கடலடியை வழித்துக்கொண்டு போகும்போது இவர்களின் வலையும் போய்விடுகிறது.

"வலை போனா ஆரிட்டப் போய்க் கேக்கிறது? அதாலதான் திங்கள், புதன், சனி நாங்கள் வலை விடுறேல்ல."

இழுவைப்படகுகள் கடலுக்கு வரும் நாட்கள் அவை. இந்த மக்களுக்கு இழப்பு புதிதல்ல. 1992இல் தங்கள் ஊரான இரணைதீவிலிருந்து இடம்பெயர்ந்து, 2018 ஏப்ரல் 23 அன்று தங்கள் படகுகளிலேயே கடலைக் கடந்து தீவில் கால் வைத்தவர்கள். இருபத்தாறு வருடம் காத்திருந்து ஊரை மீட்டவர்களுக்கு, இன்று ஊரைச் சுற்றியுள்ள கடல் வாரத்தில் நான்கு நாள்தான் சொந்தம்.

அடிமடி இழுவைத் தொழிலை இலங்கை 2017இலேயே சட்டத்தால் தடைசெய்துவிட்டது. அக்கரையிலிருந்து இழுவைப்படகில் கூலிக்கு வருபவரும் ஏழைத் தமிழர்தான். அவருக்கு வேறு தொழில்முறையைக் காட்டுவது இந்தியாவின் கடமை. சட்டத்தைக் கடலில் நிறைவேற்றுவது இலங்கையின் கடமை. இந்த ஓட்டி யாரிடமும் நிவாரணம் கேட்கவில்லை. பறிபோன மூன்று நாளைத் திருப்பிக் கொடுங்கள். தன் கூலியை அவரே கடலில் உழைத்துக்கொள்வார்.