சங்கு ஊதாத காலை

ஆனி 3

விடியற்காலை ஐந்தரை மணிக்கே விழிப்பு வந்துவிட்டது. ஆலைச் சங்கு நின்று இன்றோடு நாற்பத்தொரு நாளாகிறது. ஆயினும் இருபத்திரண்டு வருஷ காலம் அந்த ஒலியின் நியதிக்கு உட்பட்டிருந்த சரீரம், அது ஊத வேண்டிய க்ஷணத்தில் தானாகவே எழுந்து உட்கார்ந்து, எதற்காக எழுந்தோம் என்று அறியாமல் இருட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. டைம் ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்து, அறுநூறு பேருடைய வருகையையும் தாமதத்தையும் ஷிப்ட் மாறுதலையும் நிமிஷக் கணக்கில் பதிந்து வந்தவன் நான். இன்று பகல் முழுவதும் என்ன செய்தேன் என்று எழுத உட்கார்ந்தால், காப்பி குடித்ததற்கும் பத்திரிகை பார்த்ததற்கும் மேல் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

பணக் கஷ்டம் வரும் என்று எதிர்பார்த்தேன், வந்தது. பெண்ணின் கல்லூரிக் கட்டணத்துக்காக மனைவியின் வளையல் அடகுக்குப் போயிற்று. நான் எதிர்பாராதது இந்த மறதியைத்தான்.

ஆனி 5

நூல்நிலையத்தில் ஒரு பழைய ஆராய்ச்சி நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு அகப்பட்டது. ஆஸ்திரியா தேசத்தில், வியன்னாவுக்குச் சமீபத்தில், மாரியெந்தால் என்று ஒரு சிற்றூர். 1830-இல் ஏற்பட்ட நூலாலை ஒன்றையே நம்பி வளர்ந்த ஊர். 1929-30-இல் அந்த ஆலை மூடப்பட்டு, ஏறக்குறைய ஊர் முழுவதும் ஒருசேர வேலையிழந்தது. மாரி யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகிய மூவரும் தம் குழுவினருடன் அங்கே சென்று, 478 குடும்பங்களின் வாழ்வை ஆராய்ந்து, 1933-இல் வெளியிட்ட நூல் இது. பைகாரா மின்சாரம் 1932-இல் பிறந்து, எங்கள் கோயம்புத்தூரில் நூலாலைகள் வரிசையாக எழத் தொடங்கிய அதே காலத்தில், எங்கோ ஒரு நூற்பு ஊர் இப்படி ஓய்ந்து கிடந்திருக்கிறது என்ற எண்ணம் என்னை வெகுநேரம் வாட்டியது.

அவ்வூர் நூல்நிலையத்தில் கட்டணமே வாங்காத நிலையிலும், புத்தகம் எடுப்பது இரண்டு வருஷத்தில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிட்டதாம். ஓய்வு கிடைத்தால் மனிதன் படிப்பான், பாடுவான், தோட்டம் போடுவான் என்று நம்மில் எத்தனை பேர் நம்பியிருக்கிறோம்! அந்த ஊர்ப் பூங்கா, கவனிக்க ஏராளமான கைகள் இருந்தும், புதர் மண்டிக் கிடந்தது. ஒரு நாளின் செயல்களை மணிவாரியாக எழுதித் தரும்படி ஆண்களைக் கேட்டபோது, காலையில் எழுந்ததும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியதும் உணவருந்தியதும் நினைவிருந்தன. இடைப்பட்ட பொழுது எங்கே போயிற்று என்று பலருக்கும் சொல்லத் தெரியவில்லை. ஆனி மூன்றாம் தேதி நான் எழுதியதை எடுத்து மறுபடியும் படித்தேன். என் கை சற்று நடுங்கியது.

ஆனி 8

ஆராய்ச்சியாளர்கள் அவ்வூரின் பிரதான வீதியில், நடப்பவர்கள் அறியாதபடி, அவர்கள் நடையைக் கடிகாரம் வைத்து அளந்தார்கள். ஆண்கள் மெல்ல நடந்து, அடிக்கடி நின்றார்கள். பெண்களோ நிற்காமல் விரைந்தார்கள். பெண்களில் பலரும் அந்த ஆலையிலேயே கூலி வாங்கியவர்கள்தாம். ஆனால் அடுப்பும் துணியும் குழந்தையும் அவர்கள் பொழுதை விட்டுவிடவில்லை. என் மனைவி ரேஷன் கடைக்குப் போய்த் திரும்பி, இட்லிக்கு மாவரைத்து, பக்கத்து வீட்டுக்காரிக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுத்து, அந்தக் காசைப் பருப்பு டப்பாவில் போடுகிறாள். அவளுடைய களைப்பைப் பார்க்கும்போது, ஓய்ந்திருப்பவன் துயரம்தான் பெரிது என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

ஆனி 9

மச்சான் வந்திருந்தார். “சும்மாதானுங்களே இருக்கறீங்க, தாலூக்காபீஸ் வரைக்கும் ஒரு எட்டுப் போயிட்டு வாங்க மாப்பிள்ளை,” என்றார். அவர் மனத்தில் கல்மிஷம் ஏதுமில்லை, போய் வந்தேன். ஆனால் ‘சும்மா’ என்ற அந்தச் சொல் இரவெல்லாம் உறங்கவிடவில்லை. உழைப்பதற்குத் தேகபலமும் விருப்பமும் இருந்தும், உழைக்கும் இடம் பூட்டப்பட்டதனால் வீட்டில் இருப்பவனையும், உழைக்க மனமின்றித் திண்ணையில் சாய்ந்திருப்பவனையும் ஒரே சொல்லால் அழைப்பது பெரிய அநீதி என்றே கருதுகிறேன். சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்குக்கூட இம்மாதம் நான் போகவில்லை. பந்தியில் பக்கத்து இலைக்காரர் முதலில் கேட்பது, இப்போது எங்கே வேலை என்பதைத்தானே!

யஹோடா அம்மையார் பிற்காலத்தில், 1982-இல் எழுதிய நூலில், சம்பளத்துக்கு அப்பால் வேலை மனிதனுக்குக் கொடுப்பவை என ஐந்தைக் குறிப்பிட்டிருக்கிறார்: பொழுதுக்கு ஒரு கட்டுக்கோப்பு, குடும்பத்துக்கு வெளியே மனித உறவு, பலரும் கூடி முடிக்கும் ஒரு நோக்கம், சமூகத்தில் ஓர் அந்தஸ்து, இடைவிடாத செயல். உதவித்தொகை தருவது பசிக்கு மருந்துதான். அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன், பசி என்னவென்று அறிந்தவன். ஆனால் இந்த ஐந்தும் போனபின் மனோவியாதி வருவதில் வியப்பென்ன? இழந்தவன் பலவீனன் என்று ஏசுவதைவிட, இழந்தது இன்னதென்று பெயரிட்டுச் சொன்ன அந்த அம்மையாருக்கு நான் மானசிகமாக நமஸ்காரம் செய்கிறேன்.

ஆனி 14

அந்த ஆராய்ச்சிக் குழுவினர் வேடிக்கை பார்க்கப் போகவில்லை. துணி சேகரித்துக் கொடுத்தார்கள், இலவச வைத்தியத்துக்கும் தையல் வகுப்புக்கும் ஏற்பாடு செய்தார்கள், அதனூடேதான் கேள்வி கேட்டார்கள். இதை மனத்தில் வைத்துக்கொண்டு திண்ணையில் இருந்தபோது, எங்கள் ஆலையின் கார்டிங் பிரிவில் வேலை பார்த்த ஒருவர் சைக்கிளைச் சாத்திவிட்டு வந்து நின்றார். பி.எப். படிவத்தில் சேர்ந்த தேதி கேட்கிறார்கள், நினைவில்லை என்றார். எனக்கு நினைவிருந்தது, அவருடைய டிக்கெட் நம்பரும் நினைவிருந்தது. படிவத்தைப் பூர்த்தி செய்து கொடுத்தேன்.

“இன்னும் ஏழெட்டுப் பேரு இருக்கறாங்க சார். நாளைக்குக் காலையில வீட்டுல இருப்பீங்களாங்க?”

ஒன்பது மணிக்கு மேல் அரைமணிக்கு ஒருவராக வரச்சொன்னேன். உள்ளே போய்ப் பழைய நோட்டு ஒன்றை எடுத்து, கோடு கிழித்து, அவர்களுடைய டிக்கெட் நம்பர்களை வரிசையாக எழுதி, நேரத்துக்கு ஒரு கட்டம் விட்டு வைத்திருக்கிறேன்.