தாத்தா சர்க்கரை, பேத்தி சர்க்கரை

'எனக்கு சுகர்' என்று சொன்னால் நம் ஊரில் யாரும் திடுக்கிடுவதில்லை. 'எனக்கும்தான் சார், பத்து வருஷமா!' என்று கை குலுக்குவார்கள். காலையில் பார்க்கில் நடக்கிறவர்களுக்கு 'ஃபாஸ்டிங் எவ்வளவு?' என்பதுதான் குட்மார்னிங். கல்யாணப் பந்தியில் ஜாங்கிரியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, 'நாளைக்கு ரெண்டு ரவுண்டு ஜாஸ்தியா நடந்துட்டாப் போச்சு' என்று சமாதானம் சொல்லிக்கொள்கிற அளவுக்கு அந்த வியாதி நமக்கு உறவாகிவிட்டது.

எங்கள் ஃப்ளாட்ஸில் இரண்டாவது மாடிப் பெண்ணுக்கு வயது ஒன்பது. போன வருஷம் திடீரென்று இளைத்தாள். பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடித்தாள். எப்போதோ விட்டுப்போன படுக்கை நனைக்கும் பழக்கம் திரும்பி வந்தது. வெயில், பரீட்சை பயம், திருஷ்டி என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஒருநாள் வயிற்று வலி, வாந்தி, மூச்சு இழுத்து இழுத்து வாங்கியது. ஆஸ்பத்திரியில் பார்த்தால் ரத்தச் சர்க்கரை 500-க்கு மேல். மூன்று நாள் ஐ.சி.யூ-வில் கிடந்து பிழைத்து வந்தாள்.

விசாரிக்க வந்த கூட்டம் அம்மாவைப் பிடித்துக்கொண்டது. 'சாக்லேட்டா வாங்கிக் குடுத்தியோ?' 'உங்க பக்கம் யாருக்காவது உண்டா?' அவர் பதில் சொல்லாமல் எல்லோருக்கும் காபி கலந்து கொடுத்தார்.

பெயர்தான் ஒன்று, வியாதி வேறு. தாத்தாவுக்கு இருப்பது டைப் 2. இன்சுலின் சுரக்கும், உடம்பு அதை மதிக்காது. பேத்திக்கு வந்தது டைப் 1. கிருமிகளை விரட்டவேண்டிய உடம்பின் காவல் படை, கணையத்தில் இன்சுலின் தயாரிக்கிற பீட்டா செல்களை எதிரி என்று எண்ணி அழித்துவிடுகிறது. சாக்லேட்டும் காரணம் இல்லை, வளர்ப்பும் காரணம் இல்லை. இன்சுலின் இல்லாவிட்டால் ரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை ஓடினாலும் உடம்பால் அதைப் பயன்படுத்த முடியாது. பசித்த உடம்பு கொழுப்பை எரிக்கும். அதில் உண்டாகும் கீட்டோன் சேரச் சேர ரத்தம் அமிலமாகும். அந்த வாந்தியும் பெருமூச்சும் அதனால் வந்தவை.

நூறு வருஷத்துக்கு முன்னால் இதற்கு இருந்த வைத்தியம், குழந்தையைப் பட்டினி போட்டுச் சாவைக் கொஞ்சம் தள்ளிப்போடுவதுதான். 1922 ஜனவரியில் டொரான்டோவில் லெனார்ட் தாம்ப்ஸன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதன்முதலாக இன்சுலின் போட்டார்கள். முதல் ஊசி சரிவரவில்லை. மருந்தை இன்னும் சுத்தம் செய்து, 12 நாள் கழித்துப் போட்ட ஊசி வேலை செய்தது. பையன் அதற்கப்புறம் 13 வருஷம் வாழ்ந்தான். கண்டுபிடித்தவர்கள் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கே கொடுத்துவிட்டார்கள்.

இதையெல்லாம் தாத்தாவிடம் யார் சொல்வது? அவர் ஊரிலிருந்து ஒரு டப்பா பொடியோடு வந்து இறங்கினார். "எனக்கே 250 இருந்தது 140-க்கு வந்துச்சு. ஒரு மண்டலம் குடுத்துப் பாரும்மா. பச்சைப் புள்ளைக்கு தினம் நாலு ஊசியா?" பொடியோடு கூடவே அவர் மாத்திரையும் போட்டார், நாலு கிலோமீட்டர் நடந்தார் என்பதைச் சொல்லவில்லை. அவர் ஊசியை எதிர்த்தது பாசத்தால்தான். ஆனால் டைப் 1 குழந்தைக்கு இன்சுலினை நிறுத்தினால் 48 நாள் கணக்கெல்லாம் கிடையாது. ஓரிரு நாளிலேயே மறுபடி ஐ.சி.யூ. அதற்கும் மேலேகூட.

மருமகள் மாமனாரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. டப்பாவை மரியாதையாக வாங்கி ஃபிரிட்ஜ் மேலே வைத்தார். இன்சுலின் ஃபிரிட்ஜுக்குள்ளே, ஃப்ரீஸரில் படாமல், கதவுத் தட்டில். இன்றைக்கும் இரண்டும் அங்கங்கேதான் இருக்கின்றன.

பாட்டிக்கு வேறு கவலை. "வெளியில மூச்சு விடாதே. நாளைக்கு வரன் பார்க்கணும்." பெண் நாலாங்கிளாஸ்!

இந்த ரகசியம்தான் எனக்கு வியாதியைவிட பயமாக இருந்தது. இன்சுலின் போடுகிற குழந்தைக்குச் சர்க்கரை சில சமயம் 70-க்குக் கீழே இறங்கும். கை நடுங்கும், வேர்க்கும், பேச்சு குழறும். அப்போது உடனே வேண்டியது சர்க்கரையேதான். மூன்று ஸ்பூன் தண்ணீரில் கரைத்துக் குடிக்கவைத்து, கால் மணி கழித்து மறுபடி பார்க்கவேண்டும். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஆஸ்பத்திரிதான். பக்கத்தில் இருப்பவருக்கு விஷயமே தெரியாவிட்டால் 'தூங்கறா' என்று விட்டுவிடுவார்கள். சி.பி.எஸ்.இ. 2017-லேயே பொதுத் தேர்வு எழுதும் டைப் 1 மாணவர்கள் மிட்டாய், பழம், தண்ணீர் கொண்டுபோக அனுமதித்தது. இவள் பள்ளியில் முதலில் 'கிளாஸ்ல ஊசியா? மத்த பேரன்ட்ஸ் என்ன சொல்வாங்க?' என்றார்களாம். அம்மா மூன்று தடவை போய் உட்கார்ந்தார். இப்போது கிளாஸ் டீச்சரின் மேஜை டிராயரில் சாக்பீஸ் பெட்டியோடு ஒரு குளுக்கோஸ் பாக்கெட் இருக்கிறது. விளையாட்டு பீரியடுக்கு முன்னால் விரலில் குத்திப் பார்க்க இரண்டு தோழிகள் கூடப் போகிறார்கள், அதில் யார் மெஷினைப் பிடிப்பது என்று சண்டை.

பாட்டி மட்டும் வருகிறவர்களிடம் இன்னும் 'சத்து ஊசி' என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். உள்ளேயிருந்து உடனே குரல் வரும்.

"இன்சுலின், பாட்டி!"