வேலிக்குள் படித்துறை

குப்தியில் படகேறுபவர்கள் கொஞ்ச நேரம்தான் கையை நீட்டித் தண்ணீரை அளைகிறார்கள். முதல் முதலையைப் பார்த்ததும் கை தானாகவே உள்ளே வந்துவிடுகிறது. நீர் வற்றிய ஓடைக் கரையில், சேற்றோடு சேறாக, வாயைப் பிளந்து கிடக்கிறது அது. படகு நெருங்கியதும் அவசரமே இல்லாமல் நீரில் நழுவுகிறது.

ஒடிசாவின் கேந்திரபாரா மாவட்டத்தில், பிராமணியும் வைதரணியும் வங்கக் கடலை நெருங்கும் இடத்தில் இருக்கிறது பிதர்கனிகா அலையாத்திக் காடு. அதனுள்ளே டாங்மாலில் வனத் துறையின் விடுதி. இங்கு தங்குபவர்களுக்கு ஒரே வேலை, பார்ப்பது. மாலையில் புள்ளிமான்கள் விடுதிப் பக்கம் மேய வருகின்றன. கடல் ஏறி இறங்கும்போதெல்லாம் காட்சி மாறுகிறது. நீர் வடிந்தால் மூச்சுவேர்களுக்கிடையே நண்டுகளும் சேற்றில் துள்ளும் மீன்களும் வெளிப்படுகின்றன. மீன்கொத்திகளில் மட்டும் எட்டு வகை.

ஒரு காலத்தில் இது கனிகா ராஜாக்களின் வேட்டைக் காடு. அவர்களுடைய வேட்டைக் கோபுரம் இன்றும் இருக்கிறது. தோலுக்காக வேட்டையாடப்பட்டதில், 1970களின் மத்தியில் இங்கு எஞ்சிய உவர்நீர் முதலைகள் நூறுக்கும் குறைவு. 1975ல் காடு சரணாலயமானது. டாங்மாலில் முதலைத் திட்டமும் தொடங்கியது. முட்டைகளைச் சேகரித்துப் பொரிக்கவைத்து, குட்டிகளை வளர்த்து ஆற்றில் விட்டார்கள். குளிருக்கு முதலைகள் கரையேறி வெயில் காயும் ஜனவரியில்தான் கணக்கெடுப்பு. இரவில் விளக்கொளி பட்டு மின்னும் கண்களையும் எண்ணுகிறார்கள். 2025ல் கிடைத்த எண்ணிக்கை 1,800க்கு மேல். இந்திய வனவிலங்குப் பாதுகாப்பில் இப்படிப்பட்ட வெற்றிகள் குறைவு.

வெற்றிக்கு விலை கொடுப்பவர்கள் விடுதியில் தங்குவதில்லை. சுற்றியுள்ள கிராமங்களுக்குக் குளிக்க, துணி துவைக்க, மீன் பிடிக்க, மாட்டைக் குளிப்பாட்ட இதே ஆறும் ஓடைகளும்தான். 2023ல் சில மாதங்களுக்குள்ளேயே பலர் முதலைக்குப் பலியானார்கள். படித்துறைகளைச் சுற்றி வனத் துறை வேலி அடைத்திருக்கிறது. மனிதர்கள் அடைப்புக்குள் நின்று குளிக்கிறார்கள். முதலைகள் வெளியே சுதந்திரமாகத் திரிகின்றன. வேலி இல்லாத துறையில் இறங்குபவர்கள் தண்ணீரைப் பார்த்தபடியே குளிக்க வேண்டியிருக்கிறது. பயணிகள் ஆசையோடு தேடும் அதே முதுகு கண்ணில் படக்கூடாதே என்பது இவர்களின் கவலை.

மே முதல் ஜூலைவரை முதலைகள் முட்டையிட்டுக் காவல் காக்கும் காலம். தாய் முதலையின் கோபம் உச்சத்தில் இருக்கும் மாதங்கள். அப்போது பூங்கா பயணிகளுக்கு மூடப்படுகிறது.

கிராமத்தை மூட முடியாது.