பிரெஞ்சு வகுப்பறையும் செயற்கை நுண்ணறிவும்: ஒரு தமிழாய்வாளரின் பட்டறிவு

தமிழியல் ஆய்வாளர்க்குப் பிரெஞ்சு மொழியறிவு எத்துணைப் பயனுடையது என்பது பலரும் அறிந்ததே. ஜூலியன் வின்சோன் எழுதிய தமிழ்மொழிக் கையேடு 1903இல் பாரீசில் வெளிவந்தது. பிரான்சுவா குரோவின் பரிபாடல் மொழிபெயர்ப்பு 1968இல் புதுச்சேரியில் அச்சேறியது. இத்தகையவற்றை மூலத்திலேயே படிக்கும் விருப்பத்தால், பணியில் சேர்ந்த பின்னர் மாலைநேரப் பிரெஞ்சு வகுப்பொன்றில் நான் மாணவனானேன். செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வகுப்பறைக்குள் நுழைந்த காலமும் அதுவே.

ஒலிப்புப் பயிற்சியில் இக்கருவிகள் தரும் உதவி பெரிது. ‘லே லீவ்ர்’ (நூல்கள்) என்னுமிடத்து ஒலிக்காத சுட்டுச்சொல்லின் இறுதிமெய், ‘லேஸாமி’ (நண்பர்கள்) என்னுமிடத்து உயிர்முன் ஒலிக்கின்றது. தமிழ் மாணவர் இதனைப் புணர்ச்சி என உடனே இனங்காண்பர். எனினும் இஃது உடம்படுமெய் போலப் புதிதாய்த் தோன்றுவதன்று; எழுத்தில் முன்னரே நிற்பது. விதி விளங்கினும் செவி பழகுவதற்குப் பன்முறை கேட்டல் வேண்டும். வேகத்தைக் குறைத்துக் கேட்கவும், தம் குரலைப் பதிந்து ஒப்பிடவும் கணினி சலியாமல் துணைநிற்கின்றது. வகுப்பில் வாய்திறக்கக் கூசும் மாணவர்க்கு இது பெரும்பேறு எனலாம்.

மொழிபெயர்ப்பில் நிலைமை வேறு. தமிழின் நீ, நீங்கள் என்னும் வேறுபாடு பிரெஞ்சில் ‘த்யூ’, ‘வூ’ என ஏறத்தாழ அவ்வாறே உண்டு. ‘வூ’ பன்மைக்கும் மதிப்புக்கும் உரியது. ஆனால் ஆங்கிலம் இடைநிற்கும்போது இரண்டும் ஒரே சொல்லாய்க் குறுகி, மறுகரையில் எதுவாகவும் வெளிவரலாம். இவ்வகையில் ஒத்த இரு மொழிகள், இடையில் நிற்கும் மூன்றாம் மொழியால் வேறுபட்டுப் போவது வியப்பிற்குரியது.

மரியாதைப் பிழையேனும் படிப்பவர் கண்ணில் பட்டுவிடும். கண்ணில் படாத பிழை ஒன்றை ஆய்வேட்டில் கண்டேன். முனைவர் பட்ட மாணவி ஒருவர், சங்க இலக்கியக் காலம் பற்றிய பிரெஞ்சுக் கட்டுரையொன்றைக் கருவிவழித் தமிழாக்கி, அதன் ஆசிரியர் கருத்தென ஒன்றை எடுத்தாண்டிருந்தார். மூலத்தை வரவழைத்துப் பார்த்தபோது அங்கே ‘ஓன் அ க்ரூ’ என்றிருந்தது. ‘ஓன்’ என்பது ‘நாம்’ என்றும் பொருள்படும். இன்னாரெனச் சுட்டாத பொது எழுவாயாகவும் வரும். அவ்விடத்து ‘என்று கருதப்பட்டு வந்தது’ என்பதே பொருள். அடுத்த பத்தியிலேயே ஆசிரியர் அக்கருத்தை மறுக்கின்றார். கருவியோ ‘நாம் நம்பினோம்’ எனத் தெளிந்த தமிழில் தந்திருந்தது. தமிழ் கரடுமுரடாக இருந்திருப்பின் மாணவி ஐயுற்றிருப்பார். அறிஞரொருவர் மறுத்த கருத்தே அவர் பெயரால் ஆய்வுலகில் உலவத் தொடங்கினால், மேற்கோள்கள் பெருகப் பெருக அதனைத் திருத்துதல் அரிதாகும்.

எம் பிரெஞ்சு ஆசிரியை கையாளும் முறை இவ்விடத்து நினைக்கத்தக்கது. மாணவர் முதலில் தம் கையால் எழுதவேண்டும். பின்னரே கருவியிடம் திருத்தம் கேட்கலாம். ஒவ்வொரு திருத்தத்திற்கும் இலக்கண நூல் கொண்டு காரணம் எழுதவேண்டும். காரணம் கிட்டாதவை தனி ஏட்டில் குறிக்கப்பெற்று வகுப்பில் விவாதிக்கப்பெறும். கருவி தரும் விளக்கத்தைக் காரணமாக ஏற்பதில்லை. அது தவறான திருத்தத்திற்கும் தயக்கமின்றி விளக்கம் தந்துவிடும் என்பார் அவர். இம்முறையில் பாடம் மெல்லவே நகரும். தேர்வுக்கு விரைவோர் முணுமுணுப்பதும் உண்டு.

என் மேற்பார்வையிலுள்ள ஆய்வாளர்கள் பிரெஞ்சுக் கருத்தை எடுத்தாளுமிடத்து, மூலவரியையும் அதன் முன்பின் பத்திகளையும் பின்னிணைப்பில் தருமாறு இப்போது வேண்டுகிறேன். அம்மாணவி கையில் அகராதியுடன் வாரத்திற்கு இரண்டு பக்கம் படிக்கின்றார். கருவியையும் அவர் விடவில்லை. தாம் பெயர்த்து முடித்த பிறகே அதனைத் திறக்கின்றார்.